அம்பாசிடரின் அடித்தார்: அகற்றுமுறை குறித்த ஓர் ஆய்வு

அம்பாசிடர் காரின் அடியில் பூசப்பட்ட தார்ப்பூச்சு, நின்று பார்ப்பவர் எவர் கண்ணிலும் படாததும், படுத்துப் பார்ப்பவர் கண்ணில் நேரே விழுவதுமாகிய இயல்புடையது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வழித்தோன்றலாய் மேற்கு வங்கத்து உத்தரபாராவில் உருவாகி, 2014-இல் உற்பத்தி நின்றுபோன இவ்வண்டி, தனிச்சட்டம் இன்றி உடலே சட்டமாக நிற்கும் மோனோகாக் அமைப்புடையதாதலின், தரைத்தகட்டில் ஏறும் துரு அழகைக் கெடுப்பதோடு நில்லாது வண்டியின் வலுவையே குலைக்கும்.

வண்டியடியில் கிடப்பவர் காண்பன நான்கு அடுக்குகள்: சேறு, மசகு, தார், துரு. மூன்றாம் அடுக்காகிய தார், கல்தெறிப்பையும் ஈரத்தையும் தடுக்கப் பூசப்பட்ட பிட்டுமன் கலவையாகும். காலப்போக்கில் இது வறண்டு வெடிக்க, வெடிப்பில் புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தகட்டோடு தங்கிவிடுவதால், காவலுக்கு வைத்த பூச்சே துருவுக்குக் காவல் நிற்கிறது.

இதனை நீக்குவோர் மூன்று மரபினர். சூட்டு மரபினர் ஹீட் கன்னால் தாரை இளக்கிப் பட்டித் தகட்டால் வழித்தெடுப்பர்; தார் புகைந்தால் சூடு மிகுந்தது என்பது இவர்தம் இலக்கணம். பெட்ரோல் டேங்க், பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் ஆகியவற்றின் அருகே இம்மரபுக்கே இடமில்லை. குளிர் மரபினர், −78.5 டிகிரி செல்சியஸில் நேரே ஆவியாகும் உறைந்த கரியமில வாயுவாகிய உலர்பனியைப் பரப்பித் தாரை நொறுங்கச் செய்வர். பனிக்கட்டி தலைகீழாகத் தங்காது என்னும் புவியீர்ப்புச் சிக்கலால், இம்முறை பெரிதும் வண்டியின் உட்தரையோடு நின்றுவிடுகிறது. மூடிய கொட்டகையில் அவ்வாயு மூச்சை அடைக்கும். ஊறல் மரபினர் எஞ்சிய கறையை மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் துடைப்பர். சூட்டு மரபும் ஊறல் மரபும் ஒரே நேரத்தில் ஒரே கொட்டகையில் கூடலாகாது. கூடினால் ஆய்வுப்பொருள் எஞ்சாது.

கிரைண்டரில் கம்பிச் சக்கரம் பூட்டிப் பாய்வோரை எம்மரபிலும் சேர்ப்பதற்கில்லை. தார் உருகி அப்பிக்கொள்ள, கம்பித் துணுக்குகள் தெறிக்க, தூசி எங்கும் பரவுவதே அவர்தம் பயன். பழைய பூச்சுகள் சிலவற்றில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இழை கலந்திருந்தமையால், ஒரு துணுக்கை ஆய்வகத்தில் சோதிக்கும் முன் உலர்நிலையில் சுரண்டுதல் தகாது; கல்நார் உண்டெனத் தெரிந்தால், அப்பணி பயிற்சி பெற்றவருக்கே உரியது.

உரையாசிரியர் எவரும் மறுக்கவியலாத விதி ஒன்று உண்டு: ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. ஒரு டன்னுக்கு மேற்பட்ட வண்டியைச் சமமான கான்கிரீட் தரையில் ஸ்டாண்டுகளின் மேல் இருத்திய பின்னரே ஆய்வாளர் அதனடியில் புகுதல் வேண்டும். கண்ணாடியும் முகமூடியும் அணிதலோடு வாயை மூடியிருத்தலும் நன்று. பெயரும் தார் விழுமிடம் ஆய்வாளரின் முகமேயாம்.

முடிபு வருமாறு: வெடித்தும் உப்பியும் நிற்கும் தாரை மட்டும் நீக்குக; தட்டியும் சுரண்டியும் அசையாதது தன் கடமையைச் செய்துகொண்டிருப்பதால், அதனை விட்டுவிடுக. வெறுந்தகட்டுக்கு அன்றே எபாக்சி பிரைமர் அடித்தல் வேண்டும் என்பதால், இவ்வாய்வை மழைக்காலத்தில் தொடங்கற்க.