வழவழப்பியல்: ஒரு சாய்வு நாற்காலியை முன்வைத்துச் சில ஆய்வுக் குறிப்புகள்

1. ஆய்வுச் சிக்கல்

கொங்கு நாட்டில் பெயிண்ட் அடித்த மரச்சாமானைக் கண்ணால் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. விரலை வைத்து ஓட்டிப் பார்த்த பிறகே வாய் திறப்பார்கள். வழவழப்பை அளக்கும் கருவி விரல். அதைக் கெடுக்கும் கருவியும் அதே விரல். இம்முரணை ஆராய்வதே நோக்கம். ஆய்வுப்பொருள், அப்புச்சி விட்டுப்போன வேப்பமரச் சாய்வு நாற்காலி. ஆய்வுக்களம், கோவையில் எங்கள் வீட்டுப் பொடக்காலி.

2. முன்னோர் பணி

இத்துறையின் மூதாதை ஒரு தொண்டை வைத்தியர். அமெரிக்காவின் டொலீடோ நகரத்து ஆலன் டிவில்பிஸ், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்து தூவ 1880களின் இறுதியில் ஒரு கருவி செய்தார். 1907இல் அவர் மகன் தாமஸ் அதைப் பெயிண்ட் அடிக்கும் கன்னாக வளர்த்தெடுத்தார். ஆகவே ஸ்ப்ரே அடிப்பவர் இருமுவது, துறை தன் பிறப்பிடம் தேடிப்போவதே எனக் கொள்ள இடமுண்டு. மாஸ்க் போட்டவர்களுக்கு இக்கருதுகோள் பொருந்தாது.

கோவையின் பங்களிப்பு காற்று. 1960இல் இங்கே தொடங்கிய எல்ஜி போன்ற நிறுவனங்கள் கம்ப்ரசர் செய்து பேரெடுத்த ஊர் இது. விரலைப் பற்றிய முக்கிய ஆய்வு ஸ்டாக்ஹோமின் கேடிஎச் பல்கலைக்கழகத்தில் நடந்தது: 13 நானோமீட்டர் உயரமே உள்ள மடிப்பையும் மனித விரல் உணர்ந்துவிடும் என்று 2013இல் வெளியிட்டார்கள். தலைமுடித் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அது. இதை எங்கள் ஊர் மாமன்மார்கள் நெடுநாளாகவே செய்துவருகிறார்கள்.

3. காலம்

ஆடியில் கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பல்லடத்தில் காற்றாலையைச் சுற்றிவிட்டு, மிச்ச நேரத்தில் ஈரப் பெயிண்டில் மண் தூவும். ஐப்பசியிலும் கூடாது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்று அங்கே நீராகப் படிய, லேக்கர் வெளுத்துப்போகிறது. சித்திரை வெயிலில் துளிகள் பரவுவதற்குள் காய்ந்துவிடுகின்றன. மார்கழி தோது, ஆனால் கன் வாடகைக்குக் கொடுப்பவரை ஊரே பொங்கலுக்குப் பிடித்து வைத்திருக்கும். எஞ்சியது மாசி. மாசியில் ஒறம்பரை வருவார்கள். இதன் விளைவு ஐந்தாம் இயலில்.

4. செய்முறை

முக்கால்வாசி வேலை கன்னைத் தொடுவதற்கு முன்பே முடிகிறது. பட்டி போட்டு, 120, 220, 320 என்று ஏறுவரிசையில் உப்புத்தாள்; தேய்ப்பது மர ரேகை ஓடும் வாக்கில். பிறகு பிரைமர், மறுபடி தேய்ப்பு, ஈரத்துணியால் துடைப்பு. கம்ப்ரசர் தொட்டியில் தேங்கிய தண்ணீரை முதலில் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது பெயிண்டோடு சேர்ந்து நாற்காலிக்கு வரும். சாமி விளக்கை அணைத்துவிட்டுத்தான் தின்னரைத் திறக்க வேண்டும்.

கன் மரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராகப் போய் நேராக வர வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். மணிக்கட்டு வளைந்தால் நடுவில் தடிக்கும், ஓரத்தில் மெலியும். தள்ளிப்போனால் துளிகள் வழியிலேயே காய்ந்து சொரசொரக்கும், கிட்டப்போனால் ஒழுகும், பெயிண்ட் கெட்டியாக இருந்தால் கமலாப்பழத் தோல் போலக் குழி விழும்.

இரண்டு கோட் பெயிண்டை ஒரே கோட்டாக்கும் என் கருதுகோளை எங்கள் ஆசாரி ஒரே வாக்கியத்தில் மறுத்தார்: “ஒரே கோட்டுல மொத்தமா அடிச்சா, அழுகற கொழந்தை மூக்காட்டமா ஒழுகும் கண்ணு.” மறுப்பு நிரூபணமானது. இடது கைப்பிடியை மறுபடி தேய்த்தேன்.

5. நோக்கீடு

மூன்றாம் கோட்டில் நாற்காலி கண்ணாடியானது. எனாமல் கெட்டிப்பட ஓரிரவு வேண்டும். “ஈரம், தொடாதீர்கள்” என்று அட்டை வைத்தேன். அட்டைக்கு முன்பு தொட்டவர் ஒருவர், பால்காரர். அட்டைக்குப் பின்பு மூவர்; அட்டை சொல்வது மெய்யா என்று சோதித்ததாக விளக்கம் தந்தார்கள். கடைசியாகத் தொட்டவர் திருப்பூர் மாமா. “காஞ்சிருச்சா மாப்பள?” என்றபடியே வலது கைப்பிடியில் பெருவிரலை ஊன்றினார். ரேகை தெளிவாக விழுந்தது.

6. முடிவுரை

பத்து நாள் கழித்து மாமா மறுபடி வந்தார். பெயிண்ட் அழுக்காகிவிடும் என்று வீட்டுக்காரம்மா நாற்காலி மேல் துண்டு விரித்தாள். மாமா சாய்ந்து உட்கார்ந்து, துண்டுக்கு வெளியே நீண்ட கைப்பிடியைப் பேசிக்கொண்டே தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. திரும்பிப் போய், மறுபடி வந்து, அங்கேயே நின்றது. 13 நானோமீட்டர்.

“அட, எவனோ காயறதுக்கு மின்னாலயே தொட்டுட்டான் மாப்பள,” என்றார்.