சனிக்கிழமை வில்லாளி

விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தில் யாரையாவது தேடிப் போனால், பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். மில்வாக்கியிலும் மேடிசனிலும் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இந்தக் காலி நாற்காலிக்காரரை நன்றாகவே தெரியும். திங்கள் முதல் வியாழன் வரை அவர் இன்ஷூரன்ஸ் கணக்குப் பார்க்கிற சாது. லிஃப்டில் மற்றவர்களை முதலில் ஏறவிட்டுத்தான் தான் ஏறுவார். வெள்ளி மதியம் பிறந்ததும் அவர் வில்லாளி ஆகிவிடுகிறார். பால்ய நண்பரோடு பிக்கப் வண்டியில் வடக்கே மூன்று மணி நேரம் ஓட்டிப் போய், மானுக்காக இரண்டு நாள் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, ஞாயிறு இரவு வீடு திரும்புவார். பெரும்பாலும் வெறுங்கைதான். ஆனால் அது தோற்றவன் முகமாக இருக்காது. வரன் அமைந்த வீட்டுத் தகப்பன் முகம்போல ஒரு பூரிப்பு. இந்தப் பூரிப்புக்கு என்ன காரணம் என்று யோசித்தால் ஒரே ஒரு விடைதான் பொருந்துகிறது. அவர் போனது மானுக்காக அல்ல, ஒரு கதைக்காக. கூட ஒரு நண்பர் போவதும் அதைக் கேட்பதற்காகத்தான். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இப்படி ஒரு வாரக்கடைசி கழித்தால் திங்கட்கிழமை கம்பி எண்ண வேண்டியிருக்கும் என்பதால், இந்த இனத்தை நாம் கடல் தாண்டித்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

புறப்பாட்டுக்கு முந்தைய வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சபரிமலைக்கு மாலை போட்டவரின் அனுஷ்டானமெல்லாம் இவரிடமும் உண்டு. மாதமும் ஏறக்குறைய அதே கார்த்திகைதான். வாசனையில்லாத தனிச் சோப்பு, தனி ஷாம்பு. வேட்டை உடுப்பு வீட்டுத் துணியோடு ஒட்டக்கூடாது. மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் உதிர்ந்த இலைகளோடு அது தனியாகத் தவம் இருக்கும். ஓசோன் கக்கும் இயந்திரம் ஒன்று வாங்கி அலமாரிக்குள் வைக்கிறவர்களும் உண்டு. மானின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பிரிந்து தெரியாது, நீலமும் அதற்கு அப்பாலும் நன்றாகத் தெரியும் என்று விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள். வெண்மையைக் கூட்டும் சலவைத்தூளில் துவைத்த சட்டை மானுக்குப் பளிச்சென்று தெரியுமோ என்ற பயத்தில், நம் வில்லாளி ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, புற ஊதா டார்ச் அடித்துத் தன் சட்டையைத் தானே சோதிப்பார். இத்தனை பாடுபட்டு மனித வாடையை ஒழித்த பிறகு, கடையில் காசு கொடுத்து வாங்கிய பிணைமான் மூத்திரத்தைப் புட்டியிலிருந்து பஞ்சில் நனைத்து மரத்தடியில் தொங்கவிடுவார். இந்தத் தூய்மையெல்லாம் எதுவரை? வழியில் முதல் பெட்ரோல் பங்க் வரை. அங்கே நண்பரும் அவரும் வெங்காய வளையமும் சீஸ் பர்கரும் வாங்கி, நண்பரின் நாய் வழக்கமாகப் படுக்கும் சீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மானைப் பிடித்தே தீரவேண்டும் என்று கிளம்பியவன் இதைச் செய்யமாட்டான். ஆனால் கதைக்கு அந்தச் சோப்பு அவசியம். எல்லாம் முறையாகச் செய்தேன், கடைசி நிமிஷத்தில் காற்று திரும்பிவிட்டது என்று சொல்வதற்கு முதலில் எல்லாவற்றையும் செய்திருக்க வேண்டுமல்லவா?

அடுத்தது, காட்டுக்குள் அவர்கள் உட்காரும் விதம். இரண்டு பேர் சேர்ந்து வேட்டைக்குப் போகிறார்கள் என்றால் சேர்ந்து வேட்டையாடுவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். இவர்களோ விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து, குளிரில் பல் கிட்டக் காப்பி குடித்து, ஆளுக்கொரு திசையில் பிரிந்துபோய், கால் மைலுக்கு அப்பால் இரண்டு மரங்களில் பதினைந்து இருபதடி உயரத்தில் பரண் ஏறி, இடுப்பிலும் தோளிலும் வார்ப்பட்டை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க அசையாமல் இருப்பார்கள். (வார்ப்பட்டை அலட்சியம் செய்கிற விஷயமல்ல. இந்த வேட்டையில் மனிதனுக்கு நேரும் காயங்களில் முக்கியமான காரணம் பரணிலிருந்து விழுவதுதான்.) இந்தப் பிரிவில் ஒரு பெரிய சூட்சுமம் இருக்கிறது. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்க வழியில்லை. ஆகவே மாலையில் தங்கும் மரக்குடிலின் அடுப்பருகே உட்காரும்போது இருவரிடமும் மறுக்கமுடியாத கதை ஒவ்வொன்று இருக்கும். பத்துக் கிளைக் கொம்போடு ஒரு கலைமான் நாற்பது கஜத்தில் வந்து நின்றது, நேராக என் கண்ணைப் பார்த்தது என்று ஒருவர் சொன்னால், மற்றவர் அதை நம்பித்தான் ஆகவேண்டும். நம்பாவிட்டால் அடுத்து அவருடைய கதையை யார் நம்புவார்கள்? பக்கத்துப் பக்கத்துப் பரணில் உட்கார்ந்திருந்தால் இந்த ஏற்பாடு ஒரே நாளில் உடைந்துபோகும். நட்பு நீடிக்கக் கால் மைல் தேவைப்படுகிறது.

சரி, கதைதான் வேண்டுமென்றால் துப்பாக்கியிலும் கிடைக்குமே, வில் எதற்கு என்று கேட்கலாம். துப்பாக்கிக்காரனிடம் சாக்கு கிடையாது. சுட்டான், விழவில்லை என்றால் குறி தப்பியது, அவ்வளவுதான். வில்லின் மகத்துவமே அது வாரி வழங்கும் சாக்குகள். மான் இருபது முப்பது கஜத்துக்குள் வரவேண்டும், பக்கவாட்டில் திரும்பி நிற்கவேண்டும், நாணை இழுக்கும் அசைவு அதன் கண்ணில் படக்கூடாது, நடுவில் ஒரு சுள்ளிகூட இருக்கக்கூடாது. இவ்வளவும் கூடிவந்தாலும் இயற்பியல் என்று ஒன்று இருக்கிறது. நல்ல வில்லிலிருந்து கிளம்பும் அம்பு நொடிக்கு 280 அடி போகும் என்று வைத்துக்கொள்வோம். ஒலி போவது சுமார் 1,100 அடி. முப்பது கஜத்தில் நிற்கும் மானை அம்பு எட்ட மூன்றில் ஒரு நொடி ஆகும். நாணின் சத்தம் அதற்கு வெகு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். துள்ளி ஓடுவதற்காக மான் முதலில் உடம்பைத் தாழ்த்துகிறது. அம்பு முதுகுக்கு மேலே காற்றை வாங்கிக்கொண்டு போகிறது. மான் தப்பியது, வில்லாளியின் மானமும் தப்பியது. குறி சரி, கை சரி, ஒலியின் வேகம்தான் சரியில்லை! இப்படி ஒரு பழியை ஏற்றுக்கொள்ளத் துப்பாக்கி உலகில் எதுவும் கிடையாது.

இந்த வேட்டையின் சரித்திரமே கதையால் நகர்ந்த சரித்திரம்தான். 1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், தன் இனத்தார் எல்லாரையும் வெள்ளையரின் படுகொலையிலும் பசியிலும் நோயிலும் இழந்து, கடைசியாக எஞ்சிய யாஹி மனிதர் ஒருவர் தனியாக வெளியே வந்தார். இஷி என்று பிறர் அவரை அழைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் அவருக்கு வைத்தியம் பார்த்த சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றார். 1916இல் இஷி காசநோயில் இறந்தார். 1923இல் போப் வில் வேட்டை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்கர்கள் வில்லைத் தேடத் தொடங்கினார்கள். போப்பின் தோழர் ஆர்தர் யங் அலாஸ்காவில் வேட்டையாடிச் சினிமாப் படம் எடுத்தார். அதை டெட்ராய்டில் ஃபிரெட் பேர் என்ற இளைஞர் பார்த்தார்; 1933இல் வில் கம்பெனி ஆரம்பித்தார்; பிறகு தானும் வேட்டைக்குக் கேமராவோடு போய்ப் படம் படமாக எடுத்துத் தள்ளினார். விஸ்கான்சின் 1934இல் வில்லுக்கென்றே ஒரு மான் பருவத்தை ஒதுக்கிய முதல் மாநிலம் ஆனது. இந்தச் சங்கிலியில் இஷி ஒருவருக்குத்தான் மான் உணவு. வேட்டைக்கு முதல் நாள் அவர் மீன் தொடமாட்டார், புகைக்கமாட்டார், விடியலில் ஓடையில் குளித்து வாசனைத் தழையை உடம்பில் தேய்த்துக்கொண்டு வெறும் வயிற்றோடு போவார் என்று போப் எழுதிவைத்திருக்கிறார். அவருக்குப் பின்வந்த ஒவ்வொருவரையும் வில்லிடம் கொண்டுவந்தது வேறொருவர் சொன்ன கதை.

இதற்கு வில்லாளிகளின் முதல் மறுப்பு, இது ஆதி மனிதனின் கலை, கஷ்டமான வழியை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கிறோம் என்பது. தேர்ந்தெடுப்பது உண்மை. தேர்ந்தெடுத்த மறுநாளே அந்தக் கஷ்டத்தை ஒழிக்கக் கடைக்கு ஓடுவதும் உண்மை. மிசௌரியைச் சேர்ந்த ஹோலிஸ் ஆலன் என்பவர் 1966இல் உருளைகள் மாட்டிய காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை கேட்டார், 1969இல் கிடைத்தது. அறுபது பவுண்டு இழுவை வில்லை முழுக்க இழுத்துவிட்டால் இன்றைய உருளைகள் எண்பது சதவீதச் சுமையைத் தாங்கிக்கொள்ளும். கையில் நிற்பது பன்னிரண்டு பவுண்டுதான். அதோடு தூரம் அளக்கும் லேசர், ஒளிரும் குறிமுள், நாணைப் பிடிக்க விரலுக்குப் பதில் ஒரு விசை, மரத்தில் கட்டிய கேமரா நேராகக் கைபேசிக்கு அனுப்பும் மான் படங்கள். அந்த மான்களுக்குப் பட்டப்பெயர்கூட வைத்துவிடுகிறார்கள். இதே விஸ்கான்சினில் வாழ்ந்த இயற்கை எழுத்தாளர் ஆல்டோ லியோபோல்ட், தன் வில்லைத் தானே செதுக்கிக்கொண்டவர். வேட்டைக்காரன் உடம்பெல்லாம் கருவிகள் தொங்குகின்றன என்று 1940களிலேயே அலுத்துக்கொண்டார். பழைய ரீகர்வ் வில்காரருக்குக் காம்பவுண்ட் வில்காரரைக் கண்டால் இளக்காரம். காம்பவுண்ட்காரருக்குக் கிராஸ்போ வைத்திருப்பவரைக் கண்டால் இளக்காரம். சிரமத்தை மதிக்கிறவர்களின் சண்டையல்ல இது. யாருடைய கதை உசத்தி என்பதற்கான சண்டை.

இறைச்சிக்காகத்தான் போகிறோம் என்பது இரண்டாவது மறுப்பு. இதை அவர் மனைவி முன்னால் சொல்வதில்லை; அங்கே கணக்குக் கேட்கப்படும். உயர்ரக வில் ஒன்றே ஆயிரம் டாலரைத் தாண்டும். அம்பு, பரண், உடுப்பு, பெட்ரோல், கடைசியில் மானை வெட்டிப் பொட்டலம் கட்டித் தருகிறவருக்கு ஒரு தொகை. ஒரு மானில் தேறுவது சுமார் இருபது கிலோ இறைச்சி. அந்த விலைக்குக் குடும்பத்தோடு நல்ல உணவகத்தில் பலமுறை சாப்பிடலாம். இதையும் விட்டுவிடுவோம். 1961இல் போப், யங் இருவர் பெயரில் தொடங்கிய சங்கத்தின் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற என்ன வேண்டும்? கொம்பை அறுபது நாள் உலரவைத்து, அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குவரை துல்லியமாக அளக்கவேண்டும். வழக்கமான வடிவக் கொம்புள்ள வெள்ளைவால் மானுக்கு 125 வந்தால்தான் உள்ளே விடுவார்கள். மான் எத்தனை கிலோ என்று யாரும் கேட்பதில்லை. சாப்பிட முடியாத பாகத்தை மட்டும் அளக்கிற ஒரு கூட்டம் தன்னைப் பசிக்காரர் என்று சொல்லிக்கொள்வதை எப்படி ஒப்புக்கொள்வது?

மூன்றாவது மறுப்புக்குக் கொஞ்சம் பலம் உண்டு. 1900 வாக்கில் சில லட்சமாகச் சுருங்கிய வெள்ளைவால் மான்கள் இன்று கோடிக்கணக்கில் பெருகி, தோட்டத்தைத் தின்று, இளங்காட்டை மேய்ந்து, நெடுஞ்சாலையில் கார்களின் குறுக்கே பாய்கின்றன. நாங்கள் குறைத்துக் கொடுக்கிறோம் என்கிறார்கள். ஆனால் விஸ்கான்சினில் நவம்பர் கடைசியில் வரும் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவத்தில் விழும் மான்கள், செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம்வரை நீளும் வில் பருவத்தில் விழுவதைவிட அதிகம். வில்லாளியின் உண்மையான தொண்டு வேறு. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இருந்த வரியை 1937இல் வனவிலங்குகளுக்கென்று ஒதுக்கினார்கள்; 1972இல் வந்த திருத்தத்தால் அந்த வரி வில்லுக்கும் நீண்டது, பதினோரு சதவீதம். அந்தப் பணம் மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. ஆக, இவர் புது வில் வாங்கும் ஒவ்வொரு தடவையும் காடு கொஞ்சம் பிழைக்கிறது. கடைக்குள் நுழையும்போதுதான் இவர் இயற்கையின் நிஜமான காவலர்.

அம்பு தைக்கிறதே, அப்போது? அங்கே என் கட்சிக்குக் கொஞ்சம் சேதம்தான். அம்பு பட்ட மான் உடனே விழுவது அபூர்வம், ஓடும். நல்ல வில்லாளி உடனே துரத்தமாட்டார். காத்திருந்து, நண்பரை அழைத்து, இருவரும் டார்ச் வெளிச்சத்தில் இலைக்கு இலை ரத்தச் சொட்டுத் தேடிப் போவார்கள். கிடைக்காமல் போகும் மான்களும் உண்டு; அதை நினைத்துப் பல ராத்திரி தூங்காதவர்களும் உண்டு. அந்த நேரத்தில் நண்பர் கதை கேட்க வந்தவரல்ல, இழுக்கத் தோள் கொடுக்க வந்தவர். ஆனாலும் கவனித்துப் பாருங்கள்: கிடைத்த மானைப் பற்றிய பேச்சு இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும், தப்பிய மான் பத்து வருஷம் ஓடும். காட்டு முயலைக் கொன்ற அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேல் மேல் என்று வள்ளுவரே தீர்ப்புச் சொல்லவில்லையா என்று யாராவது எனக்கெதிராக இழுக்கலாம். வள்ளுவர் சொன்ன ஆள் வேலை எறிந்தாவது பார்த்தான். நம் சனிக்கிழமை வில்லாளி பெரும்பாலான வாரங்களில் அம்பை அம்பறாத்தூணியிலிருந்து எடுப்பதுகூட இல்லை.

ஆகவே, அந்த ஊர்ப்பக்கம் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. திங்கட்கிழமை காலை அவர் காப்பிக் கோப்பையோடு உங்கள் மேஜையருகே வந்து நின்றால், மான் கிடைத்ததா என்று கேட்டுவிடாதீர்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கேளுங்கள். கேட்பதற்குமுன் பதினோரு மணிக் கூட்டத்தை மத்தியானத்துக்கு மாற்றிவையுங்கள்.