சாக்கடை முடிந்ததும் நாவல்

எல்ஃப் நகரத்தின் சாக்கடை எந்தப் பக்கம் ஓடும் என்று முடிவாகாமல் நாவலின் முதல் வரியை எழுத முடியாது என்கிறார் நம்மவர், மூப்பில்லாத எல்ஃபுகளை வைத்து ஃபேன்டஸி நாவல் எழுதப்போகும் நண்பர். முதல் வரியில் சாக்கடை வருகிறதா என்று கேட்டேன். வராதாம். முதல் அத்தியாயத்தில்? வராது. புத்தகத்தில் எங்கேயாவது?

"எங்கயும் வராது சார். ஆனா ஊர்ல இருக்கணும்ல? வாசகனுக்குத் தெரியாட்டிப் பரவால்ல, எனக்குத் தெரியணும்."

நகரத்தின் வரைபடத்தை ஃப்ளெக்ஸில் அடித்துக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். மூன்று ஆறு, பதினொரு பாலம். கோபுரங்களை எண்ண எனக்குப் பொறுமை இருந்ததில்லை. ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் ஒரு மேற்கோள் குறி தொங்கும்: ஆல்'தீரன், ஏல்'மிரா, ஊர்'ழான். அந்தக் குறியை எப்படி உச்சரிப்பது என்று கேட்டால் தொண்டையை லேசாக அடைத்துக் காட்டுவார். உள்ளேயிருந்து யாராவது பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

அவருடைய அம்மா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இவன் ஏதோ லேஅவுட் போட்டு மாட்டியிருக்கானே, டிடிசிபி அப்ரூவல் வாங்கிட்டானா? அப்புறம் பட்டா மாத்த முடியாம அலையக் கூடாதுப்பா" என்றார். அந்த நகரத்தைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில் உருப்படியான கேள்வி அதுதான்.

ராத்திரி பத்தரைக்கு மேல் ஃபோன் அடித்தால் எங்கள் வீட்டில் யாரும் பயப்படுவதில்லை. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, எல்ஃப் நகரத்தில்தான் ஏதோ பிரச்சினை என்று தெரிந்துவிடும்.

"சார், தூங்கிட்டீங்களா?"

"இல்ல, சொல்லுங்க."

"ஊரு மரத்து மேல இருக்கு. கீழ்க்கிளையே இருநூறு அடி. தண்ணி எப்படி மேல ஏறும்?"

"மோட்டார் போடுங்க."

"எல்ஃப் சார்."

"அப்ப வாளியில கயிறு கட்டி இறைக்கட்டும்."

"ஆயிரக்கணக்கான வருஷம் வாழுறவங்க வாளியில தண்ணி இறைப்பாங்களா?"

"அத்தன வருஷம் சும்மா உக்காந்து என்ன பண்ணப்போறாங்க? இறைக்கட்டுமே."

வேறொருவராக இருந்தால் மந்திரத்தால் ஏறிற்று என்று எழுதிவிட்டுப் படுத்திருப்பார். நம்மவர் மந்திரத்துக்கும் ரேஷன் வைத்திருக்கிறார். தண்ணீருக்குச் செலவழித்தால் மாசக் கடைசியில் கோட்டைக் காவலுக்குப் பற்றாக்குறை விழும். ஆகவே ஒரு மழைக்காலம் முழுவதும் தாவரவியல் படித்தார். உறிஞ்சுகிற பம்ப் எதுவானாலும் 34 அடிக்கு மேல் தண்ணீரைத் தூக்காது என்பதும், கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்கள் மோட்டாரும் இல்லாமல் வாளியும் இல்லாமல் 110 மீட்டருக்கு மேல் தூக்குகின்றன என்பதும் எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். இலையிலிருந்து நீர் ஆவியாக ஆவியாக, தண்டுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களில் கீழே உள்ள நீர் அறுபடாத இழையாக மேலே இழுபடுகிறதாம். எல்ஃபுகள் வேண்டிய தண்ணீரை அந்த மரத்திடமிருந்தே வாங்கிக்கொள்வார்கள். அழகான தீர்வு. நானே கைதட்டினேன். நாளை முதல் எழுதிவிடுவார் என்று நம்பி அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஏறிய தண்ணீர் இறங்க வேண்டுமே! அங்கேதான் சாக்கடை வந்து சேர்ந்தது.

மேல்கிளைக்காரர் குளித்த தண்ணீர் கீழ்க்கிளைக்காரர் தலையில் விழும். கீழ்க்கிளைக்காரர் சும்மா இருப்பாரா? சண்டை வரும். இரண்டு பேருக்கும் மூப்பில்லை, சாவில்லை, வீடு மாறும் எண்ணமும் இல்லை. அந்தச் சண்டை இரண்டாயிரம் வருஷம் நடக்கும். சண்டைக்கான காரணம் மறந்துபோன பிறகும் நடக்கும். அவர் இதைச் சொல்லிக்கொண்டு வந்தபோது நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

"இதுதாங்க கதை! இத எழுதுங்க!"

என்னை அவர் இரக்கத்தோடு பார்த்தார்.

"அந்தச் சண்டை வரக்கூடாதுன்னுதான சார் டிரெயினேஜே டிசைன் பண்றேன்."

அவருடைய மற்ற பழக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்ஃப் மொழிக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார், அதில் ழகரம் உண்டு. வாரத்துக்கு ஐந்தே நாள் என்று வைத்துவிட்டு, அதில் லீவு எந்த நாள் என்று இன்னும் சொல்லவில்லை. யாருக்கும் வயதாகாததால் யாரும் ரிட்டையர் ஆவதில்லை. எனவே அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் எண்ணூறு வருஷமாகக் குமாஸ்தா. இது ஃபேன்டஸியே இல்லை என்று எங்கள் நண்பர்களில் ஓர் அரசு ஊழியர் சொன்னார்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கினைக் கூப்பிடுவார். டோல்கின் மொழியைத்தான் முதலில் செய்தார், ஃபின்னிஷ் மொழியின் சாயலில் குவென்யா, வெல்ஷ் மொழியின் சாயலில் சிண்டாரின். அவருடைய எல்ஃபுகளுக்கு வாரம் ஆறு நாள், நமது 144 வருஷம் சேர்ந்தால் அவர்களுக்கு ஒரு 'யேன்'. இதெல்லாம் சரிதான். டோல்கினின் காகிதங்களிலிருந்து அவருடைய மகன் கிறிஸ்டோபர் 1983 முதல் 1996 வரை பன்னிரண்டு தொகுதிகள் வெளியிட்டார், அதுவும் சரி. அதில் பத்தாவது தொகுதியில் எல்ஃபுகளின் குடும்ப வழக்கங்களைப் பற்றி ஒரு நீண்ட குறிப்பு இருக்கிறது. அவர்களில் ஒரு குலத்தாரிடம் சமையல் பெரும்பாலும் ஆண்கள் வேலையாம். லெம்பாஸ் என்கிற வழிப்பயண ரொட்டியைப் பெண்கள்தான் சுடுவார்களாம். இதை நம்மவர் வாய்தவறி வீட்டில் சொல்லிவிட்டார். "அந்த ஊர்லயே ஒரு வீடு பாருங்க" என்று அவருடைய மனைவி சொன்னதாகத் தகவல்.

ஆனால் டோல்கின் கதையில் ஒரு பாதியைத்தான் நம்மவர் சொல்லுவார். மறுபாதியை நான் சொல்லுகிறேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, மாணவன் எழுதாமல் விட்டிருந்த ஒரு வெற்றுப் பக்கத்தில்தான் 'ஹாபிட்' நாவலின் முதல் வரியை அந்த மனிதர் எழுதினார். ஹாபிட் என்றால் என்ன என்று அப்போது அவருக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் மேற்கொண்டு எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். புத்தகம் 1937இல் வந்துவிட்டது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகத்துக்கு வாசகர்கள் 1955 அக்டோபர் வரை காத்திருந்தது உண்மை. தாமதம் பின்னிணைப்புகளால். அதாவது, அவர் கதையை முடித்துவிட்டுப் பின்னிணைப்புக்காகக் காக்கவைத்தார். நம்மவர் பின்னிணைப்பை முடித்துவிட்டுக் கதைக்காகக் காக்கவைக்கிறார்.

அதே 'ஹாபிட்' நாவலில், மிர்க்வுட் காட்டில் எல்ஃப் ராஜாவின் அரண்மனை வருகிறது. குகைக்குள் இருக்கும் அரண்மனை. அங்கே டிரெயினேஜ் எப்படி என்று டோல்கின் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: ராஜாவின் விருந்துக்கென்று நல்ல திராட்சை மது வந்திருக்கிறது. உக்கிராணத்துக்குப் பொறுப்பானவரும் காவல் தலைவனும் "எப்படி இருக்கிறது என்று பார்ப்போமே" என்று உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து, மேஜையிலேயே சாய்ந்து தூங்கிவிடுகிறார்கள். காவல் தலைவன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்து போய்விடுகிறது. சிறையிலிருந்த பதின்மூன்று குள்ளர்களும் காலிப் பீப்பாய்களுக்குள் புகுந்து ஆற்றோடு தப்பிவிடுகிறார்கள். காலிப் பீப்பாய்கள் ஏன் ஆற்றில் போக வேண்டும்? சரக்கு கீழேயுள்ள ஏரி நகரத்து மனிதர்களிடமிருந்து ஆறு வழியாக வருகிறது. காலியானதும் நிலவறைத் தரையிலுள்ள கதவைத் திறந்து தண்ணீரில் தள்ளிவிட்டால் ஆறே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வியாபாரம், போக்குவரத்து, அரண்மனை நிர்வாகத்தின் லட்சணம், எந்தச் சரக்கை யார் ருசி பார்ப்பது என்ற பண்டைய சம்பிரதாயம், எல்லாம் இரண்டு குடிகாரர்களின் புண்ணியத்தில் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

நம்மவர் நகரத்தில் யாரும் குடிப்பதில்லை. சாவி தொலைவதில்லை. ஒரு குடத்தைக்கூட யாரும் திருடியதில்லை. திருடினால் குடம் எந்த உலோகம், சுரங்கம் எங்கே, கொல்லர் சங்கத்துக்குச் சந்தா எவ்வளவு என்று தீர்மானிக்க வேண்டும். அதற்குப் பயந்தே அந்த ஊரில் எல்லோரும் நல்லவர்களாக இருக்கிறார்கள்.

டோல்கினின் எல்ஃப் நகரங்களில் ஒன்று கொண்டோலின். மலைகளுக்கு நடுவே ஒளித்துக் கட்டப்பட்டது. முதல் உலகப்போரில் சோம் போர்முனையிலிருந்து பதுங்குகுழிக் காய்ச்சலோடு திரும்பி, உடம்பு தேறிக்கொண்டிருந்த 1916-17 காலத்தில் அதை எழுதினார். அந்தக் கதையே நகரம் வீழ்வதைப் பற்றியதுதான். கட்டும்போதே எரித்தார். ஒருநாள் இதை நம்மவரிடம் சொல்லி, நீங்களும் ஒரு பாலத்தையாவது இடித்துப் பாருங்களேன் என்றேன். பதினொன்றில் ஒன்று போனால் என்ன? கைப்பிள்ளையைக் கிணற்றில் போடச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் ராத்திரி ஃபோன் வரவில்லை.

போன மழைக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். புறநகரில், தரைத்தளத்தில், வாடகை வீடு. நவம்பர் வந்தால் அந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். தெருவோரக் கால்வாயில் போன தண்ணீரும் திரும்பி வீட்டுக்கே வரும். ஃப்ரிட்ஜைச் செங்கல்மேல் ஏற்றிவைத்திருந்தார்கள். அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, நம்மவர் வாளியும் முறமுமாகத் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். ஃப்ளெக்ஸ் வரைபடம் மட்டும் வழக்கமான இடத்தைவிட ஓரடி மேலே மாட்டப்பட்டிருந்தது. அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான், எந்த மழைக்கும் அடைக்காத ஒரு சாக்கடையை அந்த மனிதர் வருஷக்கணக்கில் வரைந்துகொண்டிருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் ஒரு வாளியை எடுத்தேன். அன்றைக்குக் கிண்டல் செய்ய வரவில்லை.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, பள்ளி வேலை முடித்து, வீட்டு வேலை முடித்து, பிள்ளைகள் தூங்கியபின் கிடைக்கும் நேரத்தில் எழுதி ஒரு சிறுகதைத் தொகுப்பு கொண்டுவந்தார். வெளியீட்டு விழாவில் நம்மவர் மைக்கை வாங்கி, "உங்க கிராமத்துல ஆறு கிழக்கால ஓடுதா, மேற்கால ஓடுதா? ஊருக்குப் பொருளாதாரமே இல்லயே மேடம்?" என்று கேட்டார். அந்த அம்மா மேடையில் முகம் சுருங்கி நின்றார். எழுதாத நாவலில் யாரும் பிழை கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பத்திரமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு, எழுதி அச்சில் மாட்டிக்கொண்டவர்களைக் குறுக்கு விசாரணை செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் அவரைப் பெரிய எழுத்தாளர் என்று நினைத்துக்கொண்டது அதைவிடப் பிடிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது இதை அவரிடமே சொன்னேன். தலையை ஆட்டினார். சிக்னலில் வண்டி நின்றபோது, "ஆனா சார், ஆறு எந்தப் பக்கம்னு தெரிஞ்சா நல்லாத்தான இருக்கும்?" என்றார்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. சாக்கடை ஏறக்குறைய முடிந்துவிட்டது. கழிவுநீர் ஒவ்வொரு கிளையாகப் பாசியில் வடிகட்டப்பட்டு இறங்கி, அடிவேருக்கே உரமாகிவிடுகிறது. மேல்கிளைக்காரருக்கும் கீழ்க்கிளைக்காரருக்கும் வருத்தமில்லை. தை பிறந்ததும் முதல் வரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். இந்த நேரத்தில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் என் தாழ்மையான வேண்டுகோள் ஒன்றுதான். எல்ஃபுகள் வயதாகிச் சாவதில்லை என்றாலும் வெட்டுப்பட்டால் சாவார்கள். அப்படியானால் ஊரில் ஒரு சுடுகாடு வேண்டும். இது அவருக்கு இன்னும் தோன்றவில்லை. தயவுசெய்து யாரும் ஞாபகப்படுத்திவிடாதீர்கள்.