ஆறும் ஆறாததும்

காட்பாடி ஜங்ஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரரிடம், "அண்ணே, வேலூர் போகுமா?" என்று கேட்டால், "போகும், ஏறுங்க" என்பார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் விளங்கும், 'போகும்' என்பது எதிர்காலம் என்று. அந்த எதிர்காலம் எப்போது வரும் என்பதைக் காலி சீட்டுகள்தான் முடிவு செய்யும்.

ஒருவழியாகக் கிளம்பினால் பாலாற்றுப் பாலம் வரும். 'ஆறு' என்றால் நதி, வழி, ஓர் எண். சூடு தணிவதும் ஆறுவதுதான், புண் குணமாவதும் ஆறுவதுதான். அகராதியில் இத்தனை பொருள் இருந்தும், பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் முதல் பொருளைத்தான் பல மாதங்கள் மணலில் தேட வேண்டியிருக்கிறது.

தோல் ஆலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. நீதிமன்றம் சொன்னது கண்டிப்பு. அதைக் கட்டண விவரமாகவும் படிக்கலாம்: காசைக் கட்டு, கழிவை விடு! 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், அதே பாலாற்றுக்காக, அதே கோட்பாட்டை மறுபடி விளக்க வேண்டி வந்தது. புண் இன்னும் ஆறவில்லை.

பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் இரு பொருள்பட அடக்கிய காளமேகத்தைப் புலவர் என்கிறோம். சட்டத்தையும் சலுகையையும் ஒரே வரியில் படிக்கத் தெரிந்தவரை ஊரில் 'பெரிய மனுஷர்' என்பார்கள். இதற்கும் இரண்டு பொருள் உண்டு.