இல்லாத கார்டுக்கு ஒரு விலாசம்

எங்கள் ஆலங்குடி புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி. குருபகவான் இருப்பது திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடியில். குருப்பெயர்ச்சி நெருங்கினால் போதும், "உங்களுக்கென்ன, வாசல்லயே குரு" என்று வெளியூர்ச் சொந்தங்கள் போனில் பொறாமைப்படுவார்கள். எங்களுக்கு நாமபுரீஸ்வரர் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். பின்கோடு 622301 என்று எழுதினால் பார்சல் என் வீட்டுக்கு வரும். 612 என்று தொடங்கினால் வலங்கைமான் பக்கம் போய்விடும். பிறந்ததிலிருந்து இந்த விலாசச் சங்கடத்தில் வளர்ந்தவன் என்பதால்தான், பழைய கம்ப்யூட்டர் கேம்களுக்குச் சத்தம் வரவழைக்கும் கலையில் நான் ஓரளவு தேறினேன் என்று நினைக்கிறேன். வீட்டில் வேறு யாரும் அப்படி நினைக்கவில்லை.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மகளுக்குக் கிடைத்த லேப்டாப் அது. அவள் வேலைக்கென்று கோயம்புத்தூர் போனதும் எனக்கு வந்து சேர்ந்தது. அப்பன் சொத்து பிள்ளைக்குப் போவதுதான் உலக வழக்கம். எங்கள் குடும்பத்தில் எதிர்த்திசையிலும் போகும். பீரோ மேலிருந்து இறக்கித் துடைத்து, சார்ஜரை மாட்டி, மூடியைத் திறந்தபோது என் மனதில் ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது: பிரின்ஸ் ஆஃப் பெர்சியா.

தொண்ணூறுகளில் புதுக்கோட்டை கீழராஜவீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேர்டுஸ்டார், லோட்டஸ், டிபேஸ் படித்தேன். படித்தேன் என்று வீட்டில் நம்பினார்கள். சார் டீ குடிக்கப் போகும் இடைவெளியில் ஃபிளாப்பியைச் செருகினால் வெள்ளைச் சட்டை இளவரசன் ஓடுவான். சிறைக்குள்ளிருந்து ஏறி, தாவி, கத்திச்சண்டை போட்டு, 60 நிமிடத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். சார் டீயை 10 நிமிடத்தில் குடித்துவிடுவார். இளவரசிக்கு அந்தக் காலத்தில் என்னால் எந்த உபகாரமும் ஆகவில்லை.

பாக்கியைத் தீர்க்க உட்கார்ந்தால், 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. அதற்குத்தான் டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டர். 2002-இல் வெளிவந்த இலவச மென்பொருள். இன்றைய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டராக வேஷம் கட்டும். பிராசஸர், மானிட்டர், சவுண்ட் கார்டு எல்லாம் வேஷம்தான். மகனைக் கூட்டுச் சேர்ப்போமே என்று முதலில் 1993-இல் வந்த டூம் விளையாட்டைப் போட்டேன். சுடுகிற விளையாட்டு, பையனுக்குப் பிடிக்கும். பின்னணி இசை அமர்க்களமாக வந்தது. துப்பாக்கிதான் ஊமை. பேய்கள் சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் கடித்து, நானும் சத்தமில்லாமல் செத்தேன். "அப்பா, மியூட்ல இருக்கு" என்றான் மகன். இசை மட்டும் எப்படி வருகிறது என்று கேட்டேன். போனைப் பார்க்கப் போய்விட்டான்.

இங்கேதான் விலாசம் வருகிறது. அந்தக் காலத்து கேம், விண்டோஸிடம் கேட்டுச் சத்தம் போடாது. சவுண்ட் கார்டின் கதவை நேரே போய்த் தட்டும். சவுண்ட் பிளாஸ்டர் என்றால் கதவு எண் 220. அடுத்து ஐஆர்க்யூ: 'வாசித்து முடித்தேன், அடுத்ததைக் கொடு' என்று கார்டு பிராசஸரைக் கூப்பிடும் கம்பியின் எண். அடுத்து டிஎம்ஏ: ஒலித் துண்டுகளை மெமரியிலிருந்து நேரே அள்ளிக்கொள்ளும் வழியின் எண். டாஸ்பாக்ஸ் தன் வேஷக் கார்டை 220, 7, 1 என்று குடிவைத்திருக்கிறது. என் டூமின் செட்டப் கோப்போ 5 என்ற கம்பியில் காது வைத்துக் காத்திருந்தது. நிஜக் கார்டுகளிலும் பலர் 5-ஐயே வைத்துக்கொண்டார்கள், 7 பிரிண்டருக்கு வழக்கமான கம்பி என்பதால். 220-இல் 5-இல் 1-இல் சவுண்ட் பிளாஸ்டர் பதில் சொல்லவில்லை என்று விளையாட்டு தொடங்கும்போதே ஒரு வரி வேறு ஓடியிருக்கிறது. ஓடுகிற வரியை யார் படிப்பது?

இசை மட்டும் வந்த மர்மமும் இதில்தான். இசையை உண்டாக்குவது யமஹா சிப்பின் வேஷம். அதற்கு 'இந்தச் சுரத்தை வாசி' என்று கட்டளை போனால் போதும், கம்பியும் வேண்டாம், அள்ளும் வழியும் வேண்டாம். துப்பாக்கிச் சத்தமோ பதிவு செய்த ஒலி. எண்கள் ஒத்துப்போனால்தான் வாய் திறக்கும். பாட்டு வந்து வெடி வராவிட்டால் எண்ணைப் பார், ஸ்பீக்கரைத் திருகாதே என்பது என் கண்டுபிடிப்பு. ஸ்பீக்கரை நன்றாகத் திருகிய பிறகு கண்டுபிடித்தேன். செட்டப்பில் 5-ஐ 7 ஆக்கியதும் வெடித்தது பாருங்கள்! வாசல் திண்ணையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த அம்மா, "ஏய்யா, யாரு வீட்டுலய்யா சாவு?" என்று எழுந்துவிட்டார்.

இந்தச் சவுண்ட் பிளாஸ்டரைச் செய்தது சிம் வோங் ஹூ என்ற சிங்கப்பூர்க்காரரின் கம்பெனி, 1989-இல். எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. எங்கள் ஆலங்குடி, அறந்தாங்கி வட்டாரத்தில் சிங்கப்பூருக்குச் சம்பாதிக்கப் போகாத தெரு கிடையாது. கோடாலித் தைலம் வந்தது, டேப் ரெக்கார்டர் வந்தது, பூப்போட்ட கைலி வந்தது. எந்தச் சித்தப்பாவும் ஒரு சவுண்ட் கார்டு வாங்கி வரவில்லை.

சத்தம் வந்ததும் அடுத்த சோதனை: கரகரப்பு. பொரிகடலை வறுக்கிற மாதிரி. மைக் செட் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். ஊர்த் திருவிழாவுக்கெல்லாம் கோன் கட்டுகிறவர். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "எர்த் சரியில்ல தம்பி" என்றார். அவருக்கு எல்லாமே எர்த். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியும் பார்த்தோம், கரகரப்பு அசையவில்லை. உண்மையான நோய் வேறு. டூம் மாதிரி விளையாட்டுக்கு டாஸ்பாக்ஸ் தன் வேகத்தை, அதாவது சைக்கிள்ஸை, இருக்கிறவரை என்று எடுத்துக்கொள்ளும். வயதான லேப்டாப் வேஷம் போடுவதிலேயே மூச்சிரைத்து, ஒலியை நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் திணறும்; அந்தத் திணறல்தான் காதில் கரகர. கன்ட்ரோலோடு எஃப்11-ஐ அழுத்தி அழுத்தி வேகத்தை இறக்கினால் குரல் தெளிகிறது. கான்ஃபிக் கோப்பில் பிரீபஃபர் என்று ஒன்று, ஒலியை முன்கூட்டியே எத்தனை மில்லிசெகண்ட் சேமித்து வைப்பது என்ற கணக்கு, அதையும் கூட்டலாம். கூட்டினேன். என் சுபாவத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டத் தெரியாது.

அதோடு அண்ணன் விடவில்லை. "லேப்டாப் ஸ்பீக்கர் கொசு மாதிரி இருக்கு" என்று மகனுடைய புளூடூத் ஸ்பீக்கரை இணைத்துவிட்டார். புளூடூத் தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதிக்கும். இரண்டும் சேர்ந்ததில், டூமை மூடிவிட்டு பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவைப் போட்டபோது, இளவரசன் பள்ளத்தில் விழுந்து, கை கால் பரப்பிக் கிடந்து, அதற்குப் பிறகு 'தொப்' என்றது. நான் வாளை வீசுவேன்; எதிரி செத்து விழுந்தபின் 'கிளிங்'. "செத்தவனை எதுக்குங்க அடிக்கிறீங்க?" என்றாள் மனைவி, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. புளூடூத்தைத் துண்டித்து, பிரீபஃபரைப் பழைய 20-க்கே இறக்கினேன். மரணமும் சத்தமும் ஒன்றாக வந்தன.

அன்றைக்குத்தான் முதல்முறையாக விளையாட்டின் முகப்பு இசையை முழுதாகக் கேட்டேன். அப்படியொரு இசை அந்த கேமில் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. கீழராஜவீதிக் கம்ப்யூட்டரில் சவுண்ட் கார்டு ஏது? பெட்டிக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர், அதற்கு ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும், அதுவும் கீச்சுக் குரலில். கேமை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர், தம்பி டேவிட்டை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்தே இளவரசனின் அசைவுகளை வரைந்தார். இசையமைத்தது அப்பா ஃபிரான்சிஸ் மெக்னர். தொழிலால் அவர் உளவியலாளர். பிள்ளை கேம் செய்ய, தம்பி குதிக்க, அப்பா பாட்டுப் போட! என் மகனிடம் இதை உருக்கமாகச் சொன்னேன். "நீங்க பாட்டு மட்டும் போட்டுராதீங்கப்பா" என்றான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இசை அருமைதான், அது என் இளவரசன் இல்லை. யாரோ வசதியான வீட்டுப் பிள்ளையுடைய இளவரசன். என்னுடையவன் கீச்சுக் குரலில் ஓடுகிறவன். கேமின் பெயருக்குப் பின்னால் எஸ்டிடிஎஸ்என்டி என்று சேர்த்து அடித்தால் சவுண்ட் கார்டை மறந்துவிட்டுப் பழைய பிசி ஸ்பீக்கரிலேயே பேசும். இத்தனை எண்களையும் மாற்றி, இத்தனை பேரிடம் பேச்சு வாங்கி, கடைசியில் அதைத்தான் அடித்தேன்.

முதல் 'கீ' வந்தது. அடுப்படியிலிருந்து குரல்: "இன்வெர்ட்டர் கத்துது! யாரு அயர்ன் பாக்ஸ் போட்டது?" மகன் ஓடிப்போய் ஹாலில் ஃபேனை நிறுத்தினான். அம்மா சீரியலை நிறுத்தினார். மனைவி மிக்சியை நிறுத்திவிட்டு, சட்னியைப் பாதியில் விட்டு, இன்வெர்ட்டர் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புழுக்கத்திலேயே மூன்றாவது லெவல் வரை போனேன்.