கேஸ் அடுப்புப் பிசுக்கின் ஐந்திணை: ஒரு முன்னாய்வு

வாழ்வை அகம், புறம் என்று பகுத்த நம் இலக்கண நூலார், அடுப்பின் மேல் படியும் எண்ணெய்ப் பிசுக்கு எதில் அடங்கும் என்று சொல்லாமலே போய்விட்டனர். வீட்டுக்குள் நிகழ்வதாலும், வெளியாரிடம் சொல்லக் கூசுவதாலும் அதை அகத்திணை என்றே இவ்வாய்வு கொள்கிறது.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், பர்னரைச் சுற்றி ஒரு சாண். சிறுபொழுது, தாளிக்கும் நேரம். பெரும்பொழுது கூதிர், ஐப்பசியில்தான் தீபாவளிப் பலகாரம் சுடுகிறார்கள் என்பதால் இதில் உரையாசிரியர்கள் சண்டையிட வழியில்லை. கருப்பொருளில் உணவு முறுக்கு, விலங்கு கரப்பான்.

புணர்தல் குறிஞ்சிக்குரியது. கடுகுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி வெடிக்கிறது. எண்ணெய்த் திவலைகள் தெறித்து ஸ்டீல் தட்டில் விழுகின்றன. அன்றைக்கே துடைத்தால் அது வெறும் எண்ணெய். விட்டுவைத்தால் திரும்பத் திரும்பச் சூடேறி, காற்றின் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த ஓவிய வண்ணம் காய்வதும் இதே வேதியியல்தான். ஆக, மாதக் கணக்கில் கவனிக்காத அடுப்பின் மேல் இருப்பது ஒரு கோட்டு பெயிண்ட்.

எண்ணெய்க்கு எண்ணெய் இதில் குணம் மாறும். சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் பிசினாகும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. இறுகுவதில் அதற்கு அவ்வளவு ஆர்வமில்லை. நாகர்கோவில் மருமகளின் அடுப்புக்கும் சென்னை மருமகளின் அடுப்புக்கும் உள்ள வேற்றுமையை வளர்ப்பின் வேற்றுமை என்று மாமியார்கள் கொள்வதுண்டு. வேதியியல் அப்படிக் கொள்வதில்லை.

இன்னொரு விந்தை. இதே படலம் இரும்புத் தோசைக்கல்லில் படிந்தால் ‘கல் பழகிடுச்சு’ என்று மெச்சி, அதன்மேல் சோப்பு படவிடமாட்டார்கள். அரையடி தள்ளிப் படிந்தால் குடும்ப மானம் போய்விடும். பாலுக்கும் இதே நியாயம்தான்: தை முதல் நாள் பொங்கினால் மங்கலம், மறுநாள் பொங்கினால் வசவு.

மருதம் ஊடல். இன்று யார் துடைப்பது என்பதில் பிறப்பது. சான்றுகள் ஏராளம், பதிப்பிக்க ஆய்வாளருக்குத் துணிவில்லை.

இவ்வாய்வின் உயிர்நாடி முல்லை, அதாவது இருத்தல். முன்பு பாத்திரம் துலக்கியது அடுப்புச் சாம்பல். மரச்சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு, நனைந்தால் காரமாகும். காரம் கொழுப்பைச் சோப்பாக்கும் விதத்தை விளக்கி 1823-இல் நூல் வெளியிட்டவர் பிரெஞ்சு வேதியியலர் செவ்ரூல். அவர் 102 வயதுவரை வாழ்ந்தார். அதற்கும் இதற்கும் தொடர்புண்டா என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே. சாம்பல் போன பிறகு நமக்கு மிஞ்சியது சலவைச் சோடா. வெந்நீரில் கரைத்து, பழந்துணியை நனைத்து, பிசுக்கின்மேல் போர்த்தி அரை மணி நேரம் சும்மா இருக்கவேண்டும். நம் வீடுகளில் கைகூடாதது இந்தச் சும்மா இருத்தல்தான். தேய்த்தால்தான் வேலை செய்ததாக அர்த்தம் என்றொரு நம்பிக்கை. காரம் தன் வேலையைச் செய்ய நேரம் கொடுக்காமல் தோளை நோகடிப்பதை எந்த அறிவியலும் ஆதரிக்கவில்லை.

ஆப்ப சோடா போதாதா? பிஹெச் அளவில் அதன் கரைசல் 8-ஐ ஒட்டி நிற்கும். சலவைச் சோடா 11-ஐ ஒட்டி. ஓர் எண் ஏறினால் காரம் பத்து மடங்கு. ஆப்ப சோடாவைத் தூவி வினிகரை ஊற்றும் நுரைக் கொள்கையினரும் உளர். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் எஞ்சுவது கொஞ்சம் உப்பு கரைந்த தண்ணீர். பார்க்க அழகாயிருக்கிறது, அக்கொள்கை மறுக்கப்படுகிறது.

சலவைச் சோடா கையைக் காந்தும், உறை வேண்டும். அலுமினியத்தையும் அது அரிக்கும். அந்தப் பாகங்களில் படவேண்டாம். பித்தளை பர்னர் மூடி கறுத்திருந்தால் புளியே போதும்.

நெய்தலின் இரங்கல், பொறுக்கமாட்டாமல் கம்பி நாரை எடுத்தவர்க்கு உரியது. ஸ்டீலிலோ கண்ணாடியிலோ விழுந்த கீறல் போகாது. அடுத்த பிசுக்கு அதற்குள்ளேயே குடியேறும். முல்லையில் பொறுத்திருந்தவர்க்குப் பாலை எளிது: ஒரே இழுப்பில் பிரிதல்.

தீபாவளிக்கு முறுக்கு சுடுவோர் கவனத்துக்கு: அடுப்பு ஆறியதும் அன்றிரவே வெந்நீரில் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் ஐந்திணையும் தேவைப்படாது. துணியை எடுக்குமுன் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.