ஒன்றரை டன் பூனை

எங்கள் வீட்டு ஏ.சி.யால் அதிகம் பயனடைந்த ஜீவன் ஒரு பூனை. அது எங்கள் பூனைகூட இல்லை. சித்திரை வெயிலில் எங்கிருந்தோ வரும். கூடத்தில், படுக்கையறைக் கதவுக்கு வெளியே, கீழ் இடுக்கில் மோவாயை வைத்துப் படுத்துவிடும். என்மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். பால்கூட வைத்தேன்.

வீடு திருவல்லிக்கேணியில், தாத்தா காலத்தது. மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு இடித்து, தட்டோடு பதித்த தளம். உயரம் 14 அடி. சுவரின் உச்சியில் இரண்டு வெண்டிலேட்டர்கள். சூடான காற்று மேலே ஏறி அவற்றின் வழியே வெளியேற வேண்டும் என்பது ஏற்பாடு. விருந்தாளியைத் தெருமுனை வரை வந்து வழியனுப்பும் குடும்பம் கட்டிய வீடு. காற்றையும் அப்படித்தான் வழியனுப்பும். அதில் போய்க் காற்றைப் பிடித்து வைக்க வேண்டிய ஒரு மெஷினை மாட்டினேன்.

"ஒன்றரை டன்" என்றதும் அத்தை பதறினாள். "ஏண்டா, சுவர் தாங்குமாடா?"

அது எடை இல்லை என்று விளக்கினேன். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுதான் ஒரு டன் ஏ.சி. இதில் எங்கள் பேட்டைக்கு ஒரு சொந்தம் உண்டு. பொடிநடையாகப் போனால் ஐஸ் ஹவுஸ். பாஸ்டன்காரரான பிரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்து சேமிக்க 1842-ல் எழுந்த கட்டடம். டியூடரின் ஐஸ் மாதக்கணக்கில் கடலைத் தாண்டி வந்து சேர்ந்தது. என் ஐஸ் கட்டிலைத் தாண்டவில்லை. கணக்குப்படி நாள் முழுக்க ஓடினால் என் அறையில் ஒன்றரை டன் உருகுகிறது. அங்கே உருகியதெல்லாம் நான்தான்.

பங்குனி பிறந்தால் மெக்கானிக் தம்பி வருவார். அவுட்டோரில் காதை வைத்துக் கேட்பார். உதட்டைப் பிதுக்குவார். "கேஸ் போச்சு சார்." நான்கு வருஷம், நான்கு முறை கேஸ். திவசத்தைப்போல் அதற்கும் ஒரு தேதியும் தட்சணையும் ஏற்பட்டுவிட்டன.

ஐந்தாம் வருஷம் அவர் ஊரில் இல்லாததால் ஒரு பெரியவர் வந்தார். கேஸ் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"கேஸ் என்ன பெட்ரோலா சார், ஓட ஓடத் தீர்றதுக்கு? மூடின குழாய்க்குள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கும். குறையுதுன்னா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம்."

சோப்பு நுரையைக் குழாய் மூட்டில் தடவினார். அவுட்டோர் பக்கத்து நட்டில் குமிழி குமிழியாக வந்தது. நான்கு வருஷப் பணம் கண்முன்னே நுரை தள்ளியது. மூட்டைச் சரிசெய்து, வேக்குவம் போட்டு, கேஸை எடைபோட்டு நிரப்பினார். பில்டரைக் கழற்றித் தட்டினார். ஒரு பழனி யாத்திரைக்குப் போதுமான விபூதி கொட்டியது. பிறகு மொட்டை மாடியைப் பார்த்தவர் திகைத்தார். அவுட்டோரின் முகத்துக்கு நேராக அத்தையின் வடாம் துணி. "உள்ளே இருக்கிற சூட்டை இதுதான் வெளியே தள்ளணும். மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா எப்படி ஓடும்?" அந்த ஏ.சி.யின் ஒரே சாதனை, நன்றாகக் காய்ந்த அந்த வடாம்தான்.

இவ்வளவு செய்தும் அறை வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. புதிதே வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனேன். எங்கள் ஐந்து நட்சத்திர ஏ.சி.க்கு இப்போது அந்த மரியாதை இல்லையாம். 2022-ல் அளவுகோலை உயர்த்தியபோது பழைய ஐந்து நான்காகிவிட்டது. மார்க்கெட் போன கதாநாயகன் மாதிரி. விற்பனையாளர் "ரெண்டு டன் போட்டுடுங்க சார்" என்றார். பெரியவரைக் கேட்டேன்.

"12-க்கு 12 ரூம், 14 அடி உயரம். 2,016 கன அடி. இதே ரூம் பிளாட்ல 10 அடி உயரம்னா 1,440தான். மெஷினை மாத்துறதுக்கு முன்னாடி ரூமைப் பாருங்க." கூடத்துக்கு வந்தவர் கதவடியில் கிடந்த ஜீவனைக் காட்டினார். "குளிர்ந்த காத்து கனம். கீழேதான் இறங்கும், இடுக்கு வழியா ஓடும். பூனைக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியலையே!"

பாசம் அன்றோடு போயிற்று.

தேக்குச் சட்டத்தை மறைத்துப் பொய்க்கூரை போடலாமா என்றதற்கு, "என்னைப் புதைச்சுட்டுப் போடு" என்றாள் அத்தை. அதனால் வெண்டிலேட்டர்களுக்குத் திறந்து மூடும் கண்ணாடி, கதவடிக்கு ரப்பர் பட்டை, மாடித் தளத்துக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பெயின்ட். மகனிடமிருந்து ரிமோட்டைப் பறிமுதல் செய்தேன். 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது அவன் சித்தாந்தம். குளிராது, எங்கள் மெஷின் அதே வேகத்தில் அதிக நேரம் ஓடும், அவ்வளவுதான். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது அரசின் எரிசக்தித் திறன் பணியகம். 24-ல் நிறுத்தினேன். இரண்டு மாத பில்லில் 500 யூனிட் என்ற லட்சுமணக் கோட்டை இந்தக் கோடையில்தான் முதல்முறை தாண்டாமல் இருந்தோம். மெஷின் அதே பழசு.

பட்டை ஒட்டிய மறுநாள் பூனை வந்தது. வழக்கமான இடத்தில் மோவாயை வைத்தது. முகர்ந்தது. கடன் கேட்டதற்கு இல்லையென்றதுபோல் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போனது.

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார்: "புதுசா ஏ.சி. போட்டோம் சார். எங்கிருந்தோ ஒரு பூனை வந்து ரூம் கதவை விட்டு நகரவே மாட்டேங்குது. என்ன பாசம்!"

பதில் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, பெரியவரின் போன் நம்பரை மட்டும் கொடுத்தேன்.